மழைக்காலத்தில் ரோபோ கட்டுவது: டெல்டாவில் மாணவர் அணிக்கு வழிகாட்டப் போகிறவர்களுக்கு

ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற பள்ளி மாணவர் ரோபோ போட்டியில் வருடா வருடம் செப்டம்பர் தொடக்கத்தில், ரோபோக்கள் ஆட வேண்டிய புது விளையாட்டை அறிவிப்பார்கள். அன்றிலிருந்து போட்டி நாள் வரைதான் ரோபோ கட்டும் காலம். அந்த மாதங்களில் நம் பக்கம் என்னென்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். செப்டம்பரிலேயே குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒன்றையொன்று துரத்தும். பிறகு ஆயுத பூஜை, தீபாவளி, வடகிழக்குப் பருவமழை, அரையாண்டுத் தேர்வு, பொங்கல். ஊரே ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஓர் அறையில் உட்காரவைத்து ரோபோ கட்டச் சொல்லப் போகிறீர்கள்.

மன்னார்குடி பக்கத்தில் ஒரு பள்ளி அணிக்கு ஐந்து வருடமாக வழிகாட்டியாக இருக்கிறேன். நான்காவது வருடம்தான் எங்களை வாட்டி எடுத்தது. மழை, தேர்வு, சூடாகும் மோட்டார், அழுத பிள்ளைகள் என்று எல்லாம் ஒன்றாக வந்தது. இங்கே நான் சொல்வதில் பாதிக்கு மேல் அந்த வருடம் கற்றுக்கொண்டதுதான். உங்களுக்கு ரோபோவைப் பற்றி எதுவும் தெரியாது என்றாலும் தயங்க வேண்டாம். மோட்டார் தெரிந்தவர், லேத்து தெரிந்தவர், புரோகிராம் தெரிந்த கல்லூரிப் பிள்ளை என எல்லாரும் அக்கம்பக்கத்திலேயே கிடைப்பார்கள். இருக்கிற நேரத்தைக் காப்பாற்றி, அந்த நேரத்துக்குள் முடிகிற வேலையை மட்டும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வைக்க ஒரு பெரியவர் வேண்டும். உங்கள் வேலை அதுதான்.

போட்டியைப் பற்றிச் சுருக்கமாக: ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிறவர்கள் சேரலாம், ஓர் அணியில் அதிகபட்சம் 15 பேர். களம் 12 அடிக்கு 12 அடி. ஆட்டம் தொடங்கும்போது ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்கி நிற்க வேண்டும். முதல் 30 விநாடி ரோபோ தானாகவே ஓட வேண்டும், யாரும் எதையும் தொடக்கூடாது. அடுத்த 2 நிமிடம் பிள்ளைகள் வீடியோ கேம் ஆடுகிற கேம்பேடைப் பிடித்து ஓட்டுவார்கள். நீங்கள் போவது ஃபர்ஸ்ட் லெகோ லீக் அல்லது வேர்ல்ட் ரோபோ ஒலிம்பியாட் என்றால் அளவுகளும் தேதிகளும் மாறும், கீழே சொல்வது பெரும்பாலும் மாறாது.

முதல் வேலை: நாட்களை எண்ணுவது

ஒரு தினசரி காலண்டரை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்காருங்கள். நீங்கள் மட்டும் எண்ணினால் போதாது, அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். போட்டித் தேதியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். காலாண்டுத் தேர்வு, தீபாவளிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள், அரையாண்டுத் தேர்வும் அதற்கு முந்தைய இரண்டு வாரமும், பொங்கல் நான்கு நாள், எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். தஞ்சாவூர் மாவட்டம் என்றால் சதய விழா, மயிலாடுதுறை என்றால் கடைமுழுக்கு என்று உள்ளூர் விடுமுறைகளும் உண்டு. அப்புறம் மழை. ஆட்சியர் விடுமுறை அறிவிப்பது அன்று விடியற்காலையில்தான் தெரியவரும், ஆனால் நவம்பரில் அது வரும் என்பது இன்றைக்கே தெரியும். நான் இப்போதெல்லாம் எட்டு நாளை மழைக்கென்று முதலிலேயே கழித்துவிடுகிறேன்.

மிச்சமிருப்பதைக் கூட்டுங்கள். அந்த வருடம் ஐந்து மாதம் இருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணி முடித்தபோது 31 நாள், நாளைக்கு இரண்டு மணி நேரம், ஆக 62 மணி நேரம். கரும்பலகையில் 62 என்று பெரிதாக எழுதினோம். ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு பிள்ளை அந்த எண்ணை அழித்து மிச்சத்தை எழுதுவான். மூன்று மணி நேரம் உட்கார வைத்து நேரத்தின் அருமையைப் பேசியிருந்தாலும் அந்த எண் செய்த வேலையை நான் செய்திருக்க முடியாது.

பஸ்ஸையும் கணக்கில் எடுங்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பஸ் விட்டால் அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்துதான் இருக்கும். எங்கள் அணியில் நான்கு பேருக்கு மாலை 5.50 வண்டி. அதனால் 5.30க்கு வேலையை நிறுத்தி, பத்து நிமிடம் சாமான் அடுக்கி, 5.40க்குப் பூட்டு. ரோபோ எந்த நிலையில் இருந்தாலும் இதை மாற்றியதில்லை. ஒரே ஒரு நாள் பெண்பிள்ளை இருட்டில் நின்றுவிட்டால், அடுத்த நாளிலிருந்து வீட்டில் அனுப்பமாட்டார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான்.

பெற்றோரைப் பார்க்க நீங்களே வீட்டுக்குப் போங்கள். பள்ளிக்கு வரச் சொன்னால் நடவு நேரத்தில் எப்படி வருவார்கள்? பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்: டிசம்பருக்குமேல் அந்தப் பிள்ளைக்கு வாரம் ஒரு நாள் மட்டும்தான் வேலை இருக்கும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் அடுத்த வருடம் தம்பியையும் அனுப்புவார்கள்.

விதிப்புத்தகத்தைத் தமிழில் எழுத வையுங்கள்

விதிகள் ஆங்கிலத்தில், நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். தமிழ்வழியில் படிக்கிற பிள்ளை முதல் பக்கத்திலேயே மிரண்டுவிடும். அதனால் ஆளுக்குப் பத்துப் பக்கம் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தன் பங்கைத் தன் சொந்தத் தமிழில் சார்ட் தாளில் எழுதிவந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். "இதைச் செஞ்சா அபராதம்", "இதைச் செஞ்சா எவ்வளவு புள்ளி" என்று பேசுகிற தமிழிலேயே எழுதட்டும். இதற்கு இரண்டு நாள் போகும். போகட்டும். நான்காவது வருடம் அவசரத்தில் இதைத் தாண்டிப் போனேன். ரோபோ எவ்வளவு தூரம் கை நீட்டலாம் என்ற விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு, செய்து முடித்த ஒரு பாகத்தையே வெட்ட வேண்டியதாகிவிட்டது.

கூடவே ஓர் ஆசாரியிடம் சொல்லி, உள்ளளவு 18 அங்குலம், அதாவது 45.7 சென்டிமீட்டர் இருக்கிறமாதிரி ஒரு பிளைவுட் பெட்டி செய்துகொள்ளுங்கள், அடிப்பக்கம் திறந்தபடி. தினமும் வேலை முடிந்ததும் ரோபோவின் மேல் அதைக் கவிழ்க்க வேண்டும். கவிழவில்லை என்றால் எங்கே இடிக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஆசையைக் குறைக்கும் நாள்

விளையாட்டில் செய்ய வேண்டியவை நான்கைந்து இருக்கும்: பொருளை எடுப்பது, உயரத்தில் வைப்பது, எறிவது, கடைசியில் ஏறித் தொங்குவது, இப்படி. பிள்ளைகளுக்கு அத்தனையும் வேண்டும். வீடியோவில் வெளிநாட்டு அணிகள் எல்லாவற்றையும் செய்வதைப் பார்த்திருப்பார்கள்.

கணக்குப் போட வையுங்கள். ஒரு பொருளை எடுத்துக் கீழ்த்தட்டில் வைக்க எத்தனை விநாடி, எத்தனை புள்ளி? மேல்தட்டில் வைக்க எத்தனை விநாடி? ஒருவன் கையில் பொருளோடு களத்தில் நடக்கட்டும், இன்னொருவன் ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும். ரோபோ வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். எங்கள் கணக்கில், கீழ்த்தட்டில் மட்டும் தவறாமல் வைக்கிற ரோபோ, மேல்தட்டுக்கு முயன்று பாதி நேரம் தவறவிடுகிற ரோபோவைவிட அதிகப் புள்ளி எடுத்தது. கணக்கைப் போட்டது எட்டாம் வகுப்புப் பையன். அதனால் பெரிய பிள்ளைகளாலும் மறுத்துப் பேச முடியவில்லை.

அதன்பிறகு ஒரு அளவுகோல் வைத்தோம். எந்த வேலையானாலும் பத்து முறை செய்துபார்த்தால் ஒன்பது முறை நடக்க வேண்டும். அதுவரை அடுத்த வேலையைத் தொடக்கூடாது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஏழு முறை நடந்ததும் "போதும் மிஸ், அடுத்ததுக்குப் போலாம்" என்று கெஞ்சுவார்கள். போக விடாதீர்கள்.

அலுமினியத்தை வெட்டுவதற்கு முன் அட்டைப்பெட்டி, தெர்மகோல், பிவிசி பைப், சைக்கிள் கம்பி எது கிடைக்கிறதோ அதில் செய்துபார்க்கட்டும். பொருளைப் பிடிக்கும் வாய் எங்களுக்கு அட்டையில் ஆறு தடவை மாறியது. ஏழாவதைத்தான் உலோகத்தில் செய்தோம்.

ரோபோவுக்கு முறை வையுங்கள்

ரோபோ ஒன்று. கட்டுகிறவர்களுக்கு அது வேண்டும், புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு வேண்டும், ஓட்டிப் பழகுகிறவர்களுக்கும் வேண்டும். வழக்கமாக நடப்பது என்னவென்றால், கட்டுகிறவர்கள் கடைசி நாள் வரை விடமாட்டார்கள். புரோகிராம் குழுவுக்குப் போட்டிக்கு முந்தின ராத்திரிதான் ரோபோ கையில் கிடைக்கும்.

வாய்க்காலில் முறை வைக்கிற மாதிரி இதற்கும் முறை வையுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை போதும், விளக்கம் தேவையில்லை. தலைமடைக்காரர் அடைத்துக்கொண்டால் கடைமடையில் என்ன ஆகும் என்று வீட்டிலேயே பார்த்தவர்கள். செவ்வாய் முதல் மணி நேரம் கட்டும் குழு, இரண்டாவது மணி நேரம் புரோகிராம் குழு. வியாழன் மாற்றி. சனிக்கிழமை மத்தியானம் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும். தன் முறை முடிந்தால் வேலை பாதியில் இருந்தாலும் ரோபோ ஓடுகிற நிலையில் கைமாற வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம். அதற்குப் பயந்தே பிள்ளைகள் ஒரு நாளில் முடிகிற அளவுக்கு வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை

முதலில், கழற்ற வருகிறமாதிரி கட்டச் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை நாச்சியார்கோவிலுக்குக் கூட்டிப்போய் குத்துவிளக்குப் பட்டறையைக் காட்டினேன். அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம், எல்லாம் தனித்தனியாகச் செய்து மரை போட்டு ஒன்றில் ஒன்றைத் திருகுகிறார்கள். ஒரு பாகம் நசுங்கினால் அதை மட்டும் மாற்றலாம். அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எங்கள் ரோபோவின் கை நான்கு போல்ட்டில் தனியாகக் கழன்று வருகிறமாதிரி ஆனது. முன்பெல்லாம் ஒரு மோட்டாரை மாற்ற நாற்பது நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு ஆறு நிமிடம்.

லேத்துப் பட்டறைக்குப் போவதானால் மில்லிமீட்டரில் அளவு எழுதிய படத்தோடு போக வேண்டும். அதோடு, செய்யப்போகும் பாகம் எதில் பொருந்த வேண்டுமோ அந்த பேரிங்கையோ சக்கரத்தையோ கையில் கொண்டுபோங்கள். வாயால் சொல்லி வாங்கிவந்த ஷாஃப்ட் பொருந்தியதாக எனக்கு நினைவில்லை. லேத்து வேலை எல்லாவற்றையும் பொங்கலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். தை பிறந்தால் சம்பா அறுப்பு தொடங்கிவிடும், அவர்கள் கையில் அறுவடை மெஷின் வேலை நிறைந்திருக்கும்.

மழைக்கால ஈரம் இரண்டு இடத்தில் கடிக்கும். இரும்புத் திருகுகளும் பேரிங்கும் துருப்பிடிக்கும், லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்து மூடிவைத்தால் போதும். இன்னொன்று த்ரீடி பிரிண்டர் இழை. பிஎல்ஏ என்கிற பிளாஸ்டிக் இழை காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அச்சிடும்போது படபடவென்று சத்தம் வரும், நூல் நூலாக இழுக்கும், அச்சான பாகம் அப்பளம்போல் ஒடியும். இறுக்கமாக மூடுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள், எடுத்த வேலை முடிந்ததும் உடனே திரும்ப வையுங்கள். பிஎல்ஏ பாகத்தை வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விடாதீர்கள், 60 டிகிரி வாக்கில் அது இளகிவிடும்.

அதிர்வில் நட்டு கழலும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு போடுங்கள். சக்கரத்தையும் ஷாஃப்ட்டையும் பிடிக்கிற சின்னத் திருகை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஆலன் கீயால் தொட்டுப் பார்க்க ஒரு பிள்ளையை நியமியுங்கள். ஒயர்களை நகரும் பாகத்திலிருந்து விலக்கிக் கட்டி, ஒவ்வொரு கனெக்டரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று செத்துப்போகும் ரோபோவில் நான் பார்த்தவரை பத்தில் எட்டு, ஒயரில்தான் கோளாறு. ரோபோவை ஆனில் வைத்து, சக்கரங்கள் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு ஒயராகப் பிடித்து அசைத்தால் எது என்று தெரியும்.

கரண்ட் விஷயம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பேப்பரில் பார்த்து, முந்தின நாளே பேட்டரிகளைச் சார்ஜ் செய்துவிடுங்கள். பள்ளியில் ராத்திரி முழுக்க ஆளில்லாமல் சார்ஜரில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறிய பிறகு நம் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதை அனுபவித்ததால்தான், புரோகிராமின் நகலை இரண்டு பென்டிரைவில் எடுத்து இரண்டு வீட்டில் வைப்பதை முதல் வருடத்திலிருந்தே வழக்கமாக்கினோம். வயல் தண்ணீர் வகுப்பறைக்குள் வருவதும் நடக்கும். ரோபோவையும் கிட் பெட்டிகளையும் தரையில் வைக்காமல் பெஞ்சின் மேல் வையுங்கள்.

கை நிற்காத அந்த வாரம்

நவம்பர் மூன்றாவது வாரம், நான்கு நாள் மழை விடுமுறைக்குப் பிறகு பள்ளி திறந்த நாள். கரும்பலகையில் மிச்சம் 28 மணி நேரம். ரோபோவின் கை பொருளைத் தூக்கும், மேலே போய் நிற்கும், அப்புறம் மெல்ல மெல்ல இறங்கிவிடும். மூன்று நிமிடத்தில் தூக்கவே மறுத்துவிடும்.

புரோகிராம் பையன் மோட்டார் மட்டம் என்றான். கட்டுகிற பிள்ளைகள் புரோகிராம் தப்பு என்றார்கள். புது மோட்டார் வாங்கலாம் என்று ஒருவன் சொன்னான். வந்துசேர பத்து நாள் ஆகும். அறை முழுக்க ஈரச் சட்டை வாசனை, எல்லார் குரலும் ஏறிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் கேட்க மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். கடைசியாக எப்போது சரியாக ஓடியது? அதற்கப்புறம் எதை எல்லாம் மாற்றினீர்கள்? மாற்றியதைத் திரும்பப் பழையபடி வைத்தால் சரியாகிறதா? பதிலை நோட்டில் எழுதித்தான் காட்ட வேண்டும், வாயால் சொல்லக்கூடாது. எழுதும்போது சண்டை தானாக அடங்கும். அவர்கள் எழுதியதில், தீபாவளிக்குப் பிறகு கையை நான்கு அங்குலம் நீளமாக்கியது வெளியே வந்தது.

அப்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி புறங்கையை மோட்டார் மேல் வைத்துப் பார்த்தாள். அவள் அப்பா பம்புசெட் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டுகிறவர். "மிஸ், கொதிக்குது. சும்மா நிக்கும்போதுகூட இது வேலை செஞ்சுகிட்டே இருக்கு" என்றாள். அவ்வளவுதான் விஷயம். சுற்றாத மோட்டாருக்கும் கையைத் தாங்கிப்பிடிக்க கரண்ட் வேண்டும். சுற்றாததால் அந்தக் கரண்ட் எல்லாம் சூடாகத்தான் போகும். கையை நீளமாக்கியதும் தாங்க வேண்டிய பாரமும் கூடிவிட்டது.

காரணம் தெரிந்தது, வழி தெரியவில்லை. அன்று மழை விடாததால் ஒரு பையனின் தாத்தா குடையோடு கூட்டிப்போக வந்து, திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "துலாவுக்குப் பின்னாடி கல்லு கட்டுவோம்ல, அந்த மாதிரி இதுக்குப் பின்னாடி ஏதாவது கட்டுங்கடா" என்றார். கிணற்றுத் துலாவைப் பிள்ளைகளில் பாதிப்பேர் பார்த்ததே இல்லை. அவர் குடைக்கம்பை முட்டியில் வைத்து, ஒரு முனையில் பையனின் டிபன் பாக்ஸைத் தொங்கவிட்டு, மறுமுனையைத் தன் விரலால் அழுத்திக் காட்டினார்.

கல் கட்டினால் ரோபோவின் எடை கூடும். அதனால் பழைய சைக்கிள் டியூப்பை அரை அங்குலப் பட்டையாக வெட்டி, கையின் பின்முனையிலிருந்து அடிச்சட்டத்துக்கு இழுத்துக் கட்டினோம். விதிப்புத்தகத்தில் ரப்பர் அனுமதி உண்டா என்று பார்த்த பிறகுதான். எத்தனை பட்டை என்பதற்கு ஒரு சோதனை: மோட்டாரை ஆஃப் செய்துவிட்டு கையைப் படுக்கைவாட்டில் விட்டால், அது மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் நிற்க வேண்டும். மூன்று பட்டையில் நின்றது. கூடவே சின்ன கியரிலிருந்து பெரிய கியருக்கு மூன்று மடங்கு பல் வருகிறமாதிரி மாற்றினோம். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது, முறுக்கு விசை ஏறக்குறைய மூன்று மடங்கானது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அந்தப் பெண் மறுபடி புறங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. ரப்பர் நாளாக நாளாகத் தளரும் என்பதால் வாரம் ஒரு முறை அந்தச் சோதனையைத் திரும்பச் செய்வது அவள் பொறுப்பானது.

இவ்வளவும் நடக்கும்போது நான் ஸ்குரூடிரைவரைத் தொடவில்லை. கை துறுதுறுத்தது. ஆபத்து வந்தால் ஒழிய, வெட்டும் மெஷின் பக்கம் நிற்பதைத் தவிர, நீங்களும் தொடாதீர்கள். நான் ஒரு தடவை சரிசெய்து கொடுத்தால், போட்டிக் களத்தில் நான் பக்கத்தில் இல்லாதபோது அது கழன்றால் அவர்களுக்குத் தெரியாது.

யார் கையில் ஸ்பேனர்

இதைக் கவனிக்காமல் சில வருடம் விட்டுவிட்டேன். பையன்கள் ஸ்பேனரையும் கேம்பேடையும் எடுத்துக்கொள்வார்கள். பெண்பிள்ளைகள் நோட்டு எழுதுவார்கள், போஸ்டர் வரைவார்கள், கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் நீங்கள் தலையிடாவிட்டால் கடைசிவரை அப்படியே இருக்கும். முதல் மாதத்தில் எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வேலையும் சுற்றில் வர வேண்டும்: துளை போடுவது, ஒயர் முறுக்குவது, புரோகிராம், நோட்டு, கணக்குப் புத்தகம். மோட்டாரைத் தொட்டுப் பார்த்த அந்தப் பெண் முந்தின வருடம் முழுக்க போஸ்டர் வரைந்துகொண்டிருந்தாள்.

ஒரு பிள்ளை அழுதால் வேலையை நிறுத்திவிட்டு டீ போடுங்கள். எங்களுக்கு அதோடு சுண்டலும் உண்டு. பசியோடு ஐந்து மணிக்கு நடக்கிற சண்டைக்குப் பெரும்பாலும் பசிதான் காரணம். வீட்டில் பயிர் தண்ணீரில் மூழ்கியிருக்கும்போது ஒரு பிள்ளை நான்கு நாள் வரவில்லை என்றால் அவன் வேலையை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடாதீர்கள், காத்திருக்கிறோம் என்று சொல்லியனுப்புங்கள். ஒவ்வொரு முக்கிய வேலையும் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தால் காத்திருப்பது கஷ்டமில்லை.

ஓட்டிப் பழகுவது

மொத்த நேரத்தில் கால் பங்கை இதற்கென்று முதலிலேயே ஒதுக்குங்கள். எங்களுக்கு 62இல் 15 மணி நேரம். முழுக் களம் இல்லாவிட்டால் பாதிக் களம் போதும், இரண்டடி ஃபோம் விரிப்புகளை அடுக்கித் தரையில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

தானாக ஓடும் 30 விநாடியில் புது அணிகள் எல்லாம் ஒரே தவறைச் செய்யும். "இரண்டு விநாடி முன்னால் போ" என்று நேரத்தை வைத்து எழுதுவார்கள். பேட்டரி முழுதாக இருக்கும்போது அது நான்கு அடி போகும், கொஞ்சம் இறங்கியதும் மூன்றரை அடிதான் போகும். மோட்டாரில் இருக்கும் என்கோடர் ஷாஃப்ட் எவ்வளவு சுற்றியது என்று எண்ணிச் சொல்லும். அதை வைத்து, இத்தனை சுற்று போ என்று எழுத வேண்டும். திரும்புவதற்கு கோணம் சொல்லும் சென்சாரைப் பயன்படுத்தட்டும். அப்படியும் ஒவ்வொரு பேட்டரிக்கும் எண் ஒட்டி, ஓட்டுவதற்கு முன் மல்டிமீட்டரில் எத்தனை வோல்ட் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 12 வோல்ட் என்று பெயர் இருந்தாலும் முழுச் சார்ஜில் அது 13க்கு மேல் காட்டும். எந்த பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்பது இரண்டே வாரத்தில் அந்த நோட்டில் தெரிந்துவிடும்.

போட்டிக்கு முந்தின வாரம் ஒரு முழு ஒத்திகை வையுங்கள். எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத நாளில் இடம் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்து சத்தம் போட்டதே பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. நடுவர்களிடம் பேசுவதையும் அங்கேயே பழகலாம். தமிழில் தெளிவாகச் சொல்லவரும் பிள்ளை ஆங்கிலத்தில் திணறினால், சின்ன வாக்கியங்களாக, ரோபோவைத் தொட்டுக் காட்டிப் பேசச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது

ரோபோவைப் பிளைவுட் பெட்டியில் வைத்து, இடைவெளியில் பழைய போர்வைகளைத் திணித்து, ரயிலில் கீழ்ப் பெர்த்துக்கு அடியில் வைத்தோம். பேட்டரியைக் கழற்றி, முனைகளுக்கு டேப் ஒட்டித் தனிப் பையில் எடுத்துப் போங்கள். உதிரி நட்டு போல்ட், ஒரு மோட்டார், ஒயர், சைக்கிள் டியூப் பட்டை நான்கு.

நம் ஊரில் தெரியாத ஒரு கோளாறு வெளியூரில் வரலாம். நம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம், அதனால் நிலைமின்சாரம் தொல்லை கொடுக்காது. வறண்ட குளிரிலோ ஏசி அரங்கிலோ ஃபோம் விரிப்பின் மேல் சக்கரம் உரசி உரசி ரோபோவில் நிலைமின்சாரம் சேரும். இன்னொரு உலோகத்தில் இடித்தால் பட்டென்று பாய்ந்து, ரோபோவின் மூளையான கன்ட்ரோலர் அணைந்துவிடும். கன்ட்ரோலரை உலோகச் சட்டத்தில் நேரடியாகப் பொருத்தாமல் இடையில் பிளாஸ்டிக் அல்லது பிளைவுட் தட்டு வையுங்கள். இதை ஊரிலேயே செய்துவிட வேண்டும், அங்கே போய் நேரம் கிடைக்காது.

திரும்பி வந்ததும்

அந்த வருடம் எங்கள் ரோபோ ஆறு ஆட்டத்தில் ஐந்தில் கடைசிவரை தாக்குப்பிடித்து ஓடியது, கோப்பை எதுவும் வரவில்லை. வந்த மறுவாரமே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டேன், பொதுத்தேர்வுக்கு அதிக நாள் இருக்கவில்லை. மற்றவர்கள் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து ரோபோவைப் பிரித்தார்கள். மோட்டார், கியர், திருகு என்று தனித்தனி டப்பா, டப்பாவின் மேல் பெயர், எண்ணிக்கை. பேட்டரிகளை மாதம் ஒரு முறை சார்ஜ் செய்ய ஒரு பிள்ளையின் பெயரைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டினோம். அந்தக் கையை மட்டும் பிரிக்க விடாமல் ஏழாம் வகுப்பிலிருந்து புதிதாகச் சேர்ந்த இருவர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். டியூப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி எத்தனை பட்டை போட்டால் நிற்கிறது என்று அவர்களே கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், தொடவில்லை.